பயிலரங்குக்குப் போன கை

எஸ்தர் பூங்கொடி அன்று காலை இடது கையால் பல் துலக்கினாள். வலது கை முந்தின நாள்தான் பயிலரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தது. அது முழுசாகத் திரும்பி வர மூன்று நாளாகும்.

கழிமுகம் நான்காம் குடியிருப்பில் இது ஒரு செய்தியே இல்லை. பயிலரங்கு நடந்த வாரத்தில் பொது உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால், பாதிப் பேர் இட்லியை இடது கையால் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களுக்கும் வலது கை மரத்துப்போனது. இப்போதெல்லாம் இடது கையை நீட்டுகிறவனிடம், "உனக்கு என்ன பயிலரங்கு?" என்று கேட்பார்கள், என்ன காய்ச்சல் என்று விசாரிப்பதைப் போல. "சூரியத் தகடு கழுவுறது" என்றோ, "சதுப்புச் செடி நடவு" என்றோ பதில் வரும். சாம்பார் வாளி அடுத்த ஆளுக்கு நகரும்.

மணிக்கட்டின் உள்பக்கம், நாடி பார்க்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, அரிசியளவில் ஒரு பொருளைப் பதித்திருப்பார்கள். கைவிதை என்று பெயர். மண்டபத்தில் உட்கார வைத்து ஓர் உலோகக் காப்பை மாட்டிப் பொத்தானைத் தட்டினால், தலைமையகத்தில் பதிவாகியிருக்கும் 'மூலக் கை'யின் அசைவுகள் கைவிதைக்குள் இறங்கும். அங்கிருந்து நரம்பு பிடித்து விரலுக்கும் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும். மொத்தம் நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் கைக்குச் சொந்தக்காரர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டிருக்கலாம். பலர் தூங்கினார்கள். கற்றுக்கொள்வது கைதானே! அரசு ஆவணங்களில் இதற்கு 'நேரடிச் செய்முறைப் பயிற்சி' என்று பெயர்.

எஸ்தர் அந்தப் பயிலரங்குகளின் ஒருங்கிணைப்பாளர். வயது நாற்பத்தொன்று. கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். ஒரே மகள் தாமிரா, பதின்மூன்று வயது, கல்வராயன் மேட்டில் விடுதிப் பள்ளியில் படித்தாள். தாழ்நிலத்து ஆட்கள் மேட்டுக்குப் போக அனுமதி வேண்டும், அனுமதி கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் பத்து நிமிடம் பேசிக்கொள்ளலாம். மூன்று வருடமாக எஸ்தர் தன் மகளைத் திரையில்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தபோது சுவர்த் திரை விழித்தது. மேட்டு அலுவலகம். இயக்குநர் ஜெயவர்த்தினி, பின்னால் ஜன்னலில் பச்சை மலை.

"எஸ்தர், உங்க குடியிருப்புல மொத்தம் எத்தனை பேர்?"

"பதினஞ்சு வயசுக்கு மேல மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு மேடம்."

"மதகுப் பயிலரங்கு முடிச்சவங்க?"

"மூவாயிரத்து நானூத்திப் பதினொண்ணு."

"அந்த ஒருத்தர் செத்துட்டாரா?"

"இல்ல மேடம். நல்லா இருக்கார்."

"அப்புறம் என்ன தடங்கல்? இந்தக் கடற்கரையிலயே நூத்துக்கு நூறு தொட்ட குடியிருப்பு ஒண்ணுகூடக் கிடையாது. நீங்க தொட்டுட்டா, உங்க மாற்றல் உத்தரவுல நான் அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். கல்வராயன் மேடு. உங்க பொண்ணு படிக்கிற அதே வளாகம். போதுமா?"

"போதும் மேடம்" என்றாள்.

"ஒருத்தர்தானே! பேசிப் பாருங்க."

திரை அணைந்தது. பச்சை மலை இருந்த இடத்தில் ஈரம் பூத்த சுவர் தெரிந்தது.

மீதமிருந்த அந்த ஒருத்தர், மாசிலாமணி.

ஒரு காலத்தில் இந்த ஊர் கடலுக்கு மேலேதான் இருந்தது. கடல் ஏறி வந்ததில் ஊர் ஒன்றரை மீட்டர் கீழே போய்விட்டது. சுற்றிலும் சுவர். சுவரில் மூன்று மதகுகள். கடல் இறங்கும்போது திறந்து ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார்கள்; ஏறும்போது மூடுவார்கள். மூடுவது மோட்டாரின் வேலை. மோட்டார் படுத்துவிட்டால் கைச்சக்கரம். முப்பத்தொரு சுற்று. சாதாரணமாக இரண்டு ஆள் எதிரெதிரே நின்று தம் பிடித்துச் சுற்ற வேண்டும். மாசிலாமணி மட்டும் தனி ஆளாகச் சுற்றுவார்.

எஸ்தர் போனபோது அவர் மூன்றாம் மதகின் மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் அச்சில் கிரீஸை விரலால் அப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தோளைப் பார்த்தால் முப்பது சொல்லலாம், முழங்காலைப் பார்த்தால் எழுபது.

"வாங்க டீச்சர். எடது கைய வீசிக்கிட்டு வர்றீங்க. உங்களுக்கும் ஊத்திட்டாங்களா?"

"எனக்கு ஊத்தாம ஊருக்கு எப்படிண்ணே ஊத்துறது?"

"அதுவும் சரிதான். சமையக்காரரு சாப்பிட்டுத்தானே காட்டணும்." அவர் சக்கரத்தை லேசாக உந்தினார். அது எண்ணெய் குடித்த சத்தத்தோடு அசைந்தது. "இது ஒரு கிறுக்குச் சக்கரம் டீச்சர். பதினேழாவது சுத்துல நின்னுக்கும். எவ்ளோ பெரிய ஆளு தொங்குனாலும் நகராது. அப்ப என்ன பண்ணணும்னா, ஒரு அரைச் சாண் பின்னால விடணும். மூச்ச வுடணும். அது ஏமாந்த நேரம் பாத்து இழுக்கணும். எப்ப ஏமாறும்னு எனக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்."

"அதான்ணே நான் வந்தது. அடுத்த மாசத்துலேருந்து பூட்டு மாத்துறாங்க. கைவிதையப் படிச்சாத்தான் சக்கரம் விடுபடும். பயிலரங்குக்கு வராதவங்களக் கிட்டயே சேக்க மாட்டாங்க."

மாசிலாமணியின் விரல் நின்றது. "என்னயவா?"

"யாரா இருந்தாலும்."

சுவருக்கு அந்தப் பக்கம் கடல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு கிரீஸ் படிந்த வலது கையை அவள் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் டீச்சர். புதுசா ஊத்தினா, இதுல ஏற்கெனவே இருக்குறது என்னாவும்?"

கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கம் எஸ்தருக்கு வரி வரியாகத் தெரியும். 'ஒரே பணிக்கு இரு நினைவுகள் இருப்பின் கை திக்கும். ஆகவே முந்தைய நினைவு நீக்கப்படும்.' அந்தப் பக்கம் அவள் கண்ணுக்குள் ஒரு கணம் நின்றது. அதற்குப் பின்னால் பச்சை மலையும், விடுதிச் சீருடையில் ஒரு பெண்ணும் நின்றார்கள்.

"போகாதுண்ணே. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான்."

"நெசமாவா?"

"நான் சொல்றேன்ல?"

"சரி, அப்ப ஊத்துங்க" என்றார் மாசிலாமணி.

மறுநாள் மண்டபத்தில் ஒரே ஓர் ஆளுக்காகப் பயிலரங்கு நடந்தது. 'கல்வித் தொழில்நுட்பம் வழியே நிலைத்த வாழ்வும் காலநிலைச் செயற்பாடும்' என்று பின்சுவரில் ஒளிப் பதாகை. மேடையில் தொகுப்பி நின்றது. வரவேற்புரையும் நன்றியுரையும் சொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஆளுயர இயந்திரம் அது. காலி நாற்காலிகளைப் பார்த்து, "ஆன்றோர்களே, சான்றோர்களே, திரளாக வந்திருக்கும் பங்கேற்பாளர்களே" என்று ஆரம்பித்தது. மின் குத்துவிளக்கின் ஐந்து முகமும் ஒவ்வொன்றாக எரிந்தன. மாசிலாமணிக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. பழைய நெகிழியில் நெய்த பொன்னாடை. மாலையில் அலமாரிக்குத் திரும்பிவிடும். இதே பொன்னாடையை இதுவரை மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு தோள்கள் போர்த்தியிருந்தன. நிலைத்த வாழ்வு என்றால் இதுதான் என்று எஸ்தர் ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள்.

காப்பு மாட்டினார்கள். நாற்பது நிமிடமும் மாசிலாமணி கண்ணை மூடவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ரயிலேறிப் போகிற ஆளைப் பார்ப்பது போல.

முடிந்ததும் மாதிரிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஒரு சின்ன மோட்டார். பிடித்தால் போதும், தானே சுற்றும். ஒருவரை மட்டும் நிற்கவைத்துக் குழுப் படம் எடுக்க முடியாதே! எஸ்தரும் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சக்கரத்தைப் பிடித்தார்கள். நான்கு முகமும் இடப்பக்கம் திரும்பின. நான்கும் சிரித்தன. தொகுப்பியின் கண் ஒருமுறை மின்னியது. கைகள் விடுபட்டுத் தட்டின.

மாசிலாமணிக்கு இவ்வளவு அழகாகச் சிரிக்கத் தெரியுமா என்று படத்தைப் பார்த்தபோது எஸ்தருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரிடமே காட்டினாள்.

"நானா சிரிச்சேன்? எப்ப?"

"போட்டோன்னா எல்லாருக்கும் சிரிப்பு வரத்தானேண்ணே செய்யும்."

மாசிலாமணி தலையாட்டினார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பொன்னாடைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நூற்றுக்கு நூறு. மறுநாளே மாற்றல் உத்தரவு வந்தது. 'வரும் பதினைந்தாம் தேதி பொறுப்பேற்கவும்.' மாதப் பிறப்பன்று பூட்டும் மாறியது. எஸ்தர் ஒரு பெட்டியை இறக்கி வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

பதினொன்றாம் தேதி காலை பத்து ஐம்பதுக்குச் சங்கு ஊதியது.

காற்று ராத்திரியிலிருந்தே தென்கிழக்கில் நின்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் உச்சத்துக்கு ஏறப் பதினொன்று நாற்பது ஆகும் என்றது அறிவிப்பு. முதல் மதகு மூடியது. இரண்டாவது மூடியது. மூன்றாவதின் மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டுப் படுத்தது. அதன் நேர் கீழேதான் மூன்றாம் வார்டு, அறுநூறு வீடு. எஸ்தரின் வீடும் மாசிலாமணியின் வீடும் அதில்தான்.

யாரும் பதறவில்லை. அதைத்தான் எஸ்தர் பின்னால் நினைத்துப் பார்த்தாள். எதற்குப் பதற வேண்டும்? பயிற்சி பெற்றவர்கள் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவசரக் குழுவின் பன்னிரண்டு பேரும் சாவகாசமாகப் படியேறினார்கள். மாசிலாமணி முன்னால், எஸ்தர் பின்னால். புதுப் பூட்டு மாசிலாமணியின் மணிக்கட்டைப் படித்து, 'வணக்கம், சான்றிதழ் செல்லுபடியாகும்' என்று சொல்லித் திறந்துகொண்டது.

"புடிங்கடா" என்றார் மாசிலாமணி.

நான்கு பேர் சக்கரத்தைச் சுற்றி நின்றார்கள். அவர், எஸ்தர், இன்னும் இருவர். எட்டுக் கை ஒரே நேரத்தில் பிடித்தன. கச்சிதமான பிடி, ஒரு விரல் பிசகில்லை.

பிறகு நான்கு முகமும் இடப்பக்கம் திரும்பின. நான்கும் சிரித்தன.

சக்கரம் அசையவில்லை.

திருப்பு, என்று எஸ்தர் தன் கைக்குச் சொன்னாள். கை கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். அது வேறு யாருடைய கழுத்தோ மாதிரி இருந்தது. உதடுகள் இரு பக்கமும் இழுபட்டு, பற்களில் உப்புக்காற்று அடித்தது. கண்ணை மட்டும் உருட்ட முடிந்தது. உருட்டிப் பார்த்தபோது மதகின் வாய்க்குள் கடல் பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு நுழைவது தெரிந்தது. எதிரே மாசிலாமணி அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு நொடி. கைகள் விடுபட்டன. தட்டின.

"என்ன கருமம்டா இது!" என்று ஒருவன் கத்தினான். "மறுபடி புடி! மறுபடி புடி!"

மறுபடி பிடித்தார்கள். மறுபடி திரும்பினார்கள். மறுபடி சிரித்தார்கள். ஆளை மாற்றிப் பார்த்தார்கள்; அவர்களும் சிரித்தார்கள். இடது கையால் மட்டும் பிடித்துப் பார்த்தார்கள். வலது கை தானாக எழுந்து வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மேடைமேல் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

"எல்லாரும் வுட்டுட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார் மாசிலாமணி. "நான் ஒத்தையில சுத்துறேன். எத்தினி வருசம் சுத்திருக்கேன்!"

தள்ளி நின்றார்கள். அவர் காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்தார். இடது கையில் நரம்பு புடைத்தது. வலது கை, மேசைமேல் மறந்து வைத்த பொருளைப் போல, சும்மா கிடந்தது. அவர் இடது கையால் அதைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தார். தோளால் முட்டினார். சக்கரம் கால் சுற்று வந்து நின்றது. முதல் சுற்றிலேயே நின்றது. பின்னால் விட்டார். மூச்சை விட்டார். எப்போது இழுப்பது என்று காத்திருந்தார். கை ஒன்றும் சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல் எஸ்தர் ஓடிவந்து எதிரே பிடித்தாள். அதோடு இருவர் முகமும் இடப்பக்கம் திரும்பிவிட்டன. சிரித்த வாயால் அவர் ஏதோ பேச முயன்றார். உதடு ஒட்ட வேண்டிய எழுத்துகள் எல்லாம் சிதறின. உதடு ஒட்டாத சொற்கள் மட்டும் வெளியே வந்தன.

"கையக் காணல டீச்சர்."

பதினொன்று நாற்பதுக்குள் அவர்கள் பத்தொன்பது தடவை பிடித்தார்கள். பத்தொன்பது தடவை கைதட்டினார்கள். அப்புறம் மேடையில் நிற்க முடியவில்லை.

மூன்றாம் வார்டில் கூரைகள் மட்டும் தெரிந்தன. ஒன்பது பேர் திரும்பவில்லை. நிவாரணக் கூடத்தில் உட்கார்ந்து எஸ்தர் அதைப் படிவத்தில் ஏற்றினாள். ஒன்பது என்று விரல் எழுதியது. நெஞ்சுக்குள் எதுவும் எழவில்லை. மூன்று நாள் மரத்துக்கிடக்கும் கையைப் போல ஒரு மரப்பு. கையில் இல்லை, இன்னும் உள்ளே.

மேலேயிருந்து ஆய்வுக்கு வந்த பொறியாளர் ஒருத்தி, கௌதமி என்று பெயர், காப்பை மாட்டி எஸ்தரின் கைவிதையைப் படித்தாள். நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு சிரித்தாள்.

"மூலக் கைன்னு ஒரு ஆளே கிடையாதுங்க."

"பின்னே?"

"பழைய படங்கள வச்சு இயந்திரமே கத்துக்கிட்டது. நூறு வருஷத்துக்கு முந்தின படங்கள். 'காலநிலைச் செயற்பாடு'ன்னு தேடினா லட்சக்கணக்குல வந்திருக்கு. மரக்கன்னு நடறது, கடற்கரை சுத்தம் பண்றது, ஏரி தூர் வாரறது, மதகு திறப்பு விழா. எல்லாத்துலயும் ஒரு மம்மட்டி, அதுமேல எட்டுக் கை, எட்டு மூஞ்சியும் இடப்பக்கம். பன்னெண்டு நொடி. அப்புறம் கைதட்டல். வேலைன்னா அதுதான்னு இயந்திரம் முடிவு கட்டிருச்சு."

"நெசமா வெட்டினவங்க, நட்டவங்க படமெல்லாம்?"

"தேடினோம்ங்க. அவங்களை யாரும் எடுக்கல." கௌதமி காப்பைக் கழற்றினாள். "மொதல்ல மதகுச் சக்கரத்துல மட்டும்தான் இருந்துச்சு; அன்னிக்கு அத்தனை தடவை ஓடினதுல எல்லா விதைக்கும் பரவிருச்சு. இனி சக்கரம்னு இல்ல, ரெண்டு விதைக் கை ஒண்ணோட ஒண்ணு பட்டாலோ ஒரே பொருள் மேல சேந்தாலோ போதும், கிளம்பிடும். இப்பதைக்கு எடுக்கவும் முடியாது. பாத்து இருங்க."

இதை எஸ்தர் இயக்குநரிடம் சொன்னாள். இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பயிற்சியில குறைன்னு எழுதினா, நூத்துக்கு நூறு எப்படிம்மா நிக்கும்? நூத்துக்கு நூறு இல்லேன்னா உங்க மாற்றல் எப்படி நிக்கும்? சக்கரம் துருப் பிடிச்சிருந்துச்சுன்னு போடுங்க. பங்கேற்பு அருமைன்னு போடுங்க. அது பொய் இல்லையே?"

பொய் இல்லை. எஸ்தர் அப்படியே போட்டாள். படிவத்தின் கடைசியில் 'பரிந்துரைகள்' என்று நான்கு கட்டங்கள். மூன்றை நிரப்பினாள். மூன்றுதான் அவளுக்குத் தோன்றின. ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிவம் போக மறுத்தது. இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு நான்காவது கட்டத்தில், 'பயிற்சி தொடங்கும் வயதைப் பன்னிரண்டாகக் குறைக்கலாம்' என்று எழுதினாள். படிவம் போய்விட்டது.

அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்று திரை கேட்டது. மதகுக் கம்பத்தின் கண்காணிப்புக் கண் எடுத்தவற்றைப் புரட்டினாள். ஏழாவது தடவை பிடித்த படம் நன்றாக வந்திருந்தது. முழங்கால் வரை தண்ணீர், எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மாசிலாமணி நடுவில். அதையே அனுப்பினாள்.

கிளம்புகிற நாள் காலையில் மாசிலாமணி நிவாரணக் கூடத்துக்கு வந்தார். அவர் மனைவி அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.

"போகாதுன்னு சொன்னீங்களே டீச்சர்."

"சொன்னேண்ணே."

"தெரியாம சொன்னீங்களா, தெரிஞ்சு சொன்னீங்களா?"

எஸ்தர் குனிந்துகொண்டாள். மேசையில் அவருடைய சான்றிதழ் கிடந்தது. முந்தின நாள்தான் மேலேயிருந்து வந்திருந்தது. அதை எடுத்து நீட்டினாள். அவரும் கையை நீட்டி வாங்கினார். காகிதத்தின் ஒரு முனையில் அவள் கை, மறு முனையில் அவர் கை.

இரண்டு முகமும் இடப்பக்கம் திரும்பிச் சிரித்தன. அந்தப் பக்கம் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. பன்னிரண்டு நொடி. கைகள் தட்டின. சான்றிதழ் தரையில் விழுந்தது. மாசிலாமணி குனிந்து எடுக்காமலே போனார்.

மலையேறும் வண்டியில் எஸ்தர் வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். கைப்பிடிக் கம்பியை இடது கையால் பிடித்தாள். பக்கத்தில் உட்கார வந்த ஆளிடம், "தள்ளி உக்காருங்க" என்றாள். ஒரே ஒரு கணக்கு அவளுக்குத் தெம்பாக இருந்தது. தாமிராவுக்குப் பதின்மூன்று. விதை பதிப்பது பதினைந்தில். ஒரு விதைக் கை மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது. மகளின் கையைப் பிடிக்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

விடுதி வளாகம் திரையில் பார்த்ததைவிடப் பச்சையாக இருந்தது. வாசல் வளைவில் ஒளிப் பதாகை தொங்கியது. 'இளையோருக்கான நேரடிச் செய்முறைப் பயிலரங்கு.' நடுவில் பெரிதாக அந்தப் படம். முழங்கால் வரை தண்ணீர், நடுவில் மாசிலாமணி. நேற்றைய தேதி போட்டிருந்தது. தான் எடுத்துக் கொடுத்த படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தபடி எஸ்தர் அதைக் கடந்து நடந்தாள். தேதி மனசில் உறைக்கவில்லை.

மதிய மணி அடித்திருந்தது. உணவுக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கைகழுவிக்கொண்டு வந்தார்கள். நடுவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். திரையில் தெரிந்ததைவிட ஒரு சாண் உயரம்.

"அம்மா! அம்மா! ஏன்ம்மா சொல்லவே இல்ல?"

"நெஜமாவே வந்துட்டேன்டி கண்ணு" என்றாள் எஸ்தர். முந்தானை நழுவியது. வலது கையை நீட்டினாள்.

தாமிராவின் இடது கை ஈரமாக இருந்தது, அதில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. வலது கை உலர்ந்திருந்தது. எஸ்தர் அதைப் பார்த்தாள். பார்த்தது புரிவதற்குள் தாமிரா அந்த உலர்ந்த கையை இடது கையால் தூக்கி, அம்மாவின் கையில் வைத்துவிட்டாள்.

இரண்டு முகமும் இடப்பக்கம் திரும்பின.

அந்தத் திசையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. காய்ந்த துண்டுகள் தொங்கும் கொடி இருந்தது. மூன்று வருடம் கழித்துச் சந்தித்த தாயும் மகளும் கைகோத்து நின்று அவற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். எஸ்தர் கண்ணை ஓரத்துக்கு உருட்டினாள். மகளின் காது மட்டும் தெரிந்தது, காதோரம் ஒரு மயிர்க்கற்றை. உள்ளங்கைக்குள் இருந்த கை சூடா, சில்லென்றா என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாமிரா கூப்பிடப் பார்க்கிறாள். அம்மா என்று சொல்ல உதடு இரண்டும் ஒருமுறையாவது சேர வேண்டும். சேரவில்லை.

"அ... ஆ... அ... ஆ..."

பன்னிரண்டாவது நொடியில் கைகள் விடுபட்டன. நான்கு கையும் தட்டின.

வராந்தாவிலிருந்து விடுதிக் காப்பாளர் அவசரமாக ஓடிவந்தார். கையில் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அடடா, விட்டுட்டேனே! அம்மாவும் பொண்ணும் என்ன அழகா நின்னீங்க! இன்னொரு தடவ கையப் புடிங்க பாப்பம்."